இடம் மாறிய உடம்பும் ஆயுர்வேதம் சொல்லும் சமநிலையும்

"சாப்பாடு செமிக்குதில்லை. இரவிலை நித்திரை வருகுதில்லை. கை கால் எல்லாம் ஒரே உளைவு. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினால், இரத்தமும் சலமும் சோதிச்சுப்போட்டு ஒரு வருத்தமும் இல்லை எண்டு அனுப்புகினம்."

இடம்பெயர்ந்த குடும்பங்களின் கூட்டங்களில் இந்தப் பேச்சை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சொல்பவர் பெரும்பாலும் ஒரு தாய். சில வேளைகளில், ஒரு காலம் சொந்த வயல் செய்து இன்று பிறர் காணியில் கூலிக்குப் போகும் ஒரு கமக்காரர். அவர்கள் பொய் சொல்லவில்லை. வைத்தியரும் பிழையாகச் சொல்லவில்லை. சோதனையில் அகப்படும் நோய் இல்லாமலிருக்கலாம். ஆனாலும் அவர்கள் நலமாக இல்லை.

நோய் இல்லாதிருப்பது மட்டும் நலம் ஆகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1948இல் நடைமுறைக்கு வந்த தனது யாப்பிலேயே கூறியது. அதற்கு மிக நீண்ட காலத்துக்கு முன்னரே இக்கருத்தை அடித்தளமாகக் கொண்டு எழுந்தது ஆயுர்வேதம். அதன்படி நலம் என்பது ஒரு சமநிலை. அச்சமநிலை எவற்றால் ஆனது, இடம் மாறும்போது அது ஏன் குலைகிறது, கையில் இருப்பதைக் கொண்டு அதில் எவ்வளவை மீட்கலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஆயுர்வேதம் என்றால் என்ன?

ஆயுள் என்றால் வாழ்வு. வேதம் என்றால் அறிவு. வாழ்வைப் பற்றிய அறிவே ஆயுர்வேதம். சரகசம்ஹிதை, சுஸ்ருதசம்ஹிதை, வாக்படர் எழுதிய அஷ்டாங்கஹிருதயம் ஆகிய மூன்றும் அதன் முதன்மை நூல்கள். எமது சித்த வைத்தியம் தமிழில் தனியாக வளர்ந்த ஒரு முறை. ஆயினும் மூன்று தோஷங்கள், ஏழு தாதுக்கள், ஆறு சுவைகள் என்னும் அடிப்படைகள் இரண்டுக்கும் பொதுவானவை. திருக்குறளிலும் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் உள்ள பத்துக் குறள்களில் பெரும்பாலானவை உண்ணும் அளவையும், முன் உண்டது செமித்த பின் உண்பதையும் பற்றியே பேசுகின்றன.

எமது நாட்டில் இவ்வைத்தியம் புதியதன்று. மிகிந்தலையில் பழைய வைத்தியசாலை ஒன்றின் இடிபாடுகளையும், நோயாளரைக் கிடத்தி மருந்து நீரில் ஊறவைத்த கற்றொட்டியையும் இன்றும் காணலாம். யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய அறிவு செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் தமிழ் நூல்களில் தங்கியிருக்கிறது. 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் அடக்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் பிரிவு 1984இல் கைதடியில் ஆரம்பமானது. சிங்கள ஊர்களில் வெதமாத்தயா என்றும், எமது ஊர்களில் பரியாரியார் என்றும் அழைக்கப்படுவோர் நின்ற நிலம் பெரும்பாலும் ஒன்றே.

மூன்று தோஷங்கள்

ஒரு வயலை நினைத்துப் பாருங்கள். பயிருக்கு ஈரம் வேண்டும், வெயில் வேண்டும், காற்று வேண்டும். ஈரம் கூடினால் வேர் அழுகும். வெயில் கூடினால் பயிர் கருகும். பூக்கும் வேளையில் காற்று மிஞ்சினால் பதர் விழும். மூன்றில் எதுவும் கெட்டதன்று. அளவு தவறுவதே கேடு. சுஸ்ருதரும் உடம்பை விளக்க உலகையே காட்டுகிறார். சந்திரன், சூரியன், காற்று ஆகிய மூன்றும் உலகைத் தாங்குவதுபோலக் கபம், பித்தம், வாதம் ஆகிய மூன்றும் உடம்பைத் தாங்குகின்றன என்பது அவர் கருத்து. சித்த வைத்தியம் இவற்றை ஐயம், அழல், வளி என்று சொல்லும்.

வாதம் காற்றின் இயல்பு உடையது: வறட்சி, குளிர்ச்சி, இலேசு, அசைவு. மூச்சு, நடை, பேச்சு, மலசலம் வெளியேறுதல் எல்லாம் இதன் வேலை. இதன் முக்கிய இருப்பிடம் தொப்புளுக்குக் கீழே. இது மிஞ்சினால் வயிற்றுப் பொருமல், மலச்சிக்கல், உளைவு, தோல் வறட்சி, நித்திரையின்மை, காரணமற்ற பயம் தோன்றும்.

பித்தம் நெருப்பின் இயல்பு உடையது: சூடு, கூர்மை. செமிபாடு, உடற்சூடு, பார்வை இதன் வேலை. உடம்பின் நடுப்பகுதி இதன் இருப்பிடம். இது மிஞ்சினால் நெஞ்செரிவு, புளித்தேப்பம், எரிச்சல், அடங்காக் கோபம் வரும்.

கபம் நீரும் மண்ணும் கலந்த இயல்பு உடையது: கனம், குளிர்ச்சி, வழுவழுப்பு, நிலைத்து நிற்றல். உடம்புக்கு உறுதியும் மூட்டுகளுக்கு மசகும் தருவது இது. இருப்பிடம் நெஞ்சு. இது மிஞ்சினால் சளி, சோம்பல், பசியின்மை, உடற்பாரம் உண்டாகும்.

நாளிலும் வயதிலும் இவை மாறி மாறி மேலோங்கும். காலையில் கபம், நண்பகலில் பித்தம், மாலையில் வாதம். குழந்தைப் பருவத்தில் கபம், நடுவயதில் பித்தம், முதுமையில் வாதம். பிறவியிலேயே ஒருவருக்கு ஒன்றோ இரண்டோ ஓங்கியிருக்கும். அதுவே அவருடைய பிரகிருதி. ஆகையால் ஒரே கொட்டிலில் ஒரே பானையில் உண்ணும் இருவருக்கு உடல்நிலை இருவிதமாக இருப்பது வியப்பன்று.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். வாதமும் பித்தமும் கபமும் ஆய்வுகூடத்தில் அளக்கக்கூடிய பொருள்கள் அல்ல. உடம்பில் காணும் மாற்றங்களை ஒழுங்குபடுத்திப் பார்ப்பதற்கு முன்னோர் வகுத்த மொழி அது. அம்மொழியின் பயன் எங்கே, எல்லை எங்கே என்பதை அறிந்து கையாள்வதே அறிவு.

அடுப்பும் வாய்க்காலும்

ஆயுர்வேதம் தோஷங்களுக்கு இணையாக மதிப்பது அக்கினியை, அதாவது செமிபாட்டு நெருப்பை. அது நான்கு நிலைகளில் இருக்கும். வாதம் மிஞ்சினால் ஒரு நாள் எரிந்து மறுநாள் அணையும். பித்தம் மிஞ்சினால் வேகமாக எரிந்து எல்லாவற்றையும் சுடும். கபம் மிஞ்சினால் மந்தமாகப் புகையும். மூன்றும் ஒத்திருந்தால் சமமாக எரியும். மூன்று கல்லை வைத்து ஈரவிறகில் சமைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காற்று வீசும் இடத்தில் மூட்டிய அடுப்பு ஒரு பக்கம் கருக்கும், மறுபக்கம் வேகவிடாது. இடம்பெயர்ந்தவர்களின் வயிறும் பெரும்பாலும் இப்படித்தான்.

செமித்த உணவின் சாரம் ஏழு தாதுக்களை வளர்க்கிறது: சாரம், இரத்தம், தசை, கொழுப்பு, எலும்பு, மச்சை, சுக்கிலம். இது எவ்வாறு நடக்கிறது என்பதை விளக்கப் பழைய உரைகாரர்கள் கமக்காரரின் உலகிலிருந்தே உவமைகளை எடுத்தார்கள். ஒன்று வாய்க்கால் உவமை: வாய்க்கால் நீர் முதல் வயலை நிறைத்து அடுத்த வயலுக்குப் பாய்வதுபோல, ஒரு தாது நிறைந்தபின் அடுத்தது ஊட்டம் பெறும். மற்றது களத்து உவமை: சூடு மிதித்த களத்துக்குப் பல திசைகளிலிருந்தும் புறாக்கள் வந்து மணி பொறுக்கித் தத்தம் கூட்டுக்குப் பறப்பதுபோல, ஒவ்வொரு தாதுவும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். எப்படிப் பார்த்தாலும் தலைவாய்க்காலில் நீர் குறைந்தால் கடைசி வயல் காயும். நீண்ட நாள் அரைவயிற்றுடன் இருப்பவர் முதலில் சோர்வதும், பின் மெலிவதும், அதன்பின் எலும்பு நோவதும் இவ்வரிசையில் என்று அந்நூல்கள் கருதின.

தோஷங்கள் சமம், நெருப்பு சமம், தாதுக்கள் தம் வேலையைச் செய்தல், மலம் சலம் வியர்வை ஒழுங்காகக் கழிதல். இவற்றோடு மனமும் புலன்களும் தெளிந்திருத்தல். இவை யாவும் கூடியதையே சுஸ்ருதர் நலம் என்கிறார். மனத்தெளிவு இல்லாதவரை அவர் நலமானவர் என்று கணக்கெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இடம் மாறும்போது என்ன நடக்கிறது?

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தார்கள். அவர்களில் கமக்காரர் பலர் செம்மண் தறையிலும் கிணற்று நீரிலும் வாழ்ந்தவர்கள். வன்னிக்குப் போனவர்கள் காட்டோரக் கொட்டிலிலும் குளத்து நீரிலும் வாழ நேர்ந்தது. 1990இலும், 2006இலும், 2008, 2009இலும் வேறு வேறு ஊர்களிலிருந்து மக்கள் இவ்வாறே பெயர்ந்தார்கள். இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாத குடும்பங்கள் உண்டு. திரும்பியும் பழைய வாழ்வு திரும்பாதவர்களும் உண்டு.

ஆயுர்வேதம் நிலத்தை மூன்றாக வகுக்கிறது. வறண்ட காற்றடிக்கும் ஜாங்கலம். நீர் தேங்கிய அனூபம். இரண்டும் ஒத்த சாதாரணம். ஜாங்கலத்தில் வாதமும் அனூபத்தில் கபமும் மிகும். ஒரு நிலத்துக்குப் பழகிய உடம்பை வேறொரு நிலத்தில் வைத்தால் அது தடுமாறும். பழகியது என்பதற்கு ஆயுர்வேதம் இட்ட பெயர் 'சாத்மியம்'. பலநாள் பழகிய உணவும் நீரும் காற்றும் உடம்புக்கு உறவாகிவிடுகின்றன. அவ்வுறவு ஒரே நாளில் அறுந்ததே இடப்பெயர்வு.

வாதத்தை மிகுவிக்கும் காரணங்கள் என அந்நூல்கள் அடுக்குவதைக் கேளுங்கள்: நெடுநடை, பாரம் சுமத்தல், பட்டினி, வேளை தவறிய உணவு, குளிர்காற்று, இரவு விழிப்பு, பயம், துயரம். இடம்பெயர்ந்தோரின் வாழ்க்கையைப் பார்த்து எழுதிய பட்டியல் போல இருக்கிறது. அதனால்தான் செமியாமையும் நித்திரையின்மையும் உளைவும் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன என்று ஆயுர்வேதம் பொருள் கொள்ளும்.

நோய் ஒரே நாளில் வருவதில்லை என்றும் சுஸ்ருதர் சொல்கிறார். தோஷம் சேர்கிறது, பொங்குகிறது, பரவுகிறது, ஓரிடத்தில் தங்குகிறது, ஐந்தாவது கட்டத்தில்தான் பெயர் சொல்லக்கூடிய நோயாக வெளிப்படுகிறது, ஆறாவதில் முற்றுகிறது. வரம்பில் நண்டு துளைத்த ஓட்டையைக் கண்டவுடன் ஒரு மண்வெட்டி மண்ணால் அடைத்துவிடலாம். விட்டுவிட்டால் வரம்பே உடையும். இனி வருபவை ஓட்டை அடைக்கும் வழிகள்.

உணவு: நேரமும் சூடும்

உடம்பைத் தாங்கும் மூன்று தூண்கள் உணவு, நித்திரை, கட்டுப்பாடான இல்வாழ்வு என்பர். முதல் தூண் உணவு. வயிற்றில் பாதி உணவுக்கும், கால் பங்கு நீருக்கும், கால் பங்கு காற்று இயங்கவும் விடவேண்டும் என்பது வாக்படர் வகுத்த அளவு. அரைவயிற்றுக்கே வழியில்லாதவரிடம் இதைச் சொல்வது நியாயமன்று. குறைவாக உண்பதும் வாதத்தைப் பெருக்கும் என்று அதே நூல்கள் சொல்கின்றன. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள் எக்காரணம் கொண்டும் பட்டினி இருத்தலாகாது. கிளினிக்கில் தரும் திரிபோஷாவை அவர்களுக்கென்றே ஒதுக்குங்கள்.

அளவு எமது கையில் இல்லாவிட்டாலும் நேரமும் சூடும் ஓரளவு எமது கையில் உண்டு. ஒரே நேரத்தில் உண்ணும் பழக்கம் குலைந்த நெருப்பை மீண்டும் ஒழுங்குக்குக் கொண்டுவரும். நண்பகலில் பித்தம் ஓங்கியிருப்பதால் நாளின் பெரிய சாப்பாடு அப்போது இருப்பது நல்லது. இரவுச் சாப்பாடு இலேசாகவும், படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவும் இருக்கட்டும். சூடாக உண்ணுங்கள். பழஞ்சோறு சிலருக்குச் சாத்மியம்; பொருமலும் உளைவும் உள்ளவர்கள் அதை விட்டு இளஞ்சூட்டுக் கஞ்சிக்கு மாறிப் பார்க்கலாம். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே குடியுங்கள். ஆயுர்வேதம் அதை அக்கினிக்கு நல்லது என்கிறது. இன்றைய சுகாதாரம் அது கிருமியைக் கொல்லும் என்கிறது.

ஆறு சுவைகளில் இனிப்பு, புளிப்பு, உப்பு வாதத்தைத் தணிக்கும். உறைப்பு, கைப்பு, துவர்ப்பு கபத்தைத் தணிக்கும். இனிப்பு, கைப்பு, துவர்ப்பு பித்தத்தைத் தணிக்கும். இங்கே இனிப்பு என்பது சீனி மட்டுமன்று; சோறும் பாலும் தேங்காயும் இனிப்பே. நிவாரணமாகக் கோதுமை மாவும் பருப்பும் சீனியும் கிடைத்த காலங்களில் கைப்பும் துவர்ப்பும் எமது தட்டிலிருந்து மறைந்தன. அவற்றைக் கொட்டிலின் பின்புறத்திலேயே மீட்கலாம். ஒரு முருங்கைத் தடி, நான்கு பொன்னாங்காணித் தண்டு, கழுவுநீர் ஓடும் இடத்தில் வல்லாரை, வேலியில் முசுட்டை. இவற்றுக்குக் காணி உறுதி தேவையில்லை.

இலைக்கஞ்சி வைக்கும் முறை யாவரும் அறிந்ததே. ஒரு கைப்பிடி அரிசியை நான்கைந்து உள்ளிப் பல்லுடன் குழைய வேகவிட்டு, வல்லாரை அல்லது முசுட்டை இலையை இடித்துப் பிழிந்த சாறும் சிறிது தேங்காய்ப்பாலும் சேர்த்து, ஒரு கொதியில் இறக்குங்கள். பொருமல் உள்ளவர்கள் நற்சீரகமும் ஒரு துண்டு வேர்க்கொம்பும் தட்டிப் போடலாம். புதிய இடத்தில் காணும் இலைகளை, அவ்விடத்துப் பெரியவர் ஒருவர் அடையாளம் காட்டாமல் பறிக்க வேண்டாம்.

கால் பங்கு விதி

சரகர் சொன்ன ஒரு விதி எமக்கு மிகவும் பயன்படும். கெட்ட பழக்கத்தை விடும்போதும் நல்ல பழக்கத்தைத் தொடங்கும்போதும் கால் பங்கு கால் பங்காக, இடையில் சில நாள் விட்டு மாற்றவேண்டும். பழகியதைச் சட்டென்று அறுத்தால் உடம்பு அதையும் ஓர் அடியாகவே எடுத்துக்கொள்ளும்.

பசியை அடக்க நாளுக்கு எட்டுத்தரம் சீனி போட்ட பிளேன்ரீ குடிக்கிறவர், ஆறாகக் குறைத்துச் சில நாள் நிற்கட்டும், பின் நாலு, பின் இரண்டு. கோதுமை மா ரொட்டியே கதி என்றிருப்பவர், மாவில் கால் பங்கு குரக்கன் சேர்த்துத் தொடங்கட்டும். புதிய இடத்தின் உணவுக்கு மாறும்போதும் இவ்வாறே. மதுவுக்கு மட்டும் வேறு எச்சரிக்கை உண்டு. நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். அவரை வைத்தியசாலையின் உதவியோடு நிறுத்தச் செய்யுங்கள்.

நித்திரை

இரவில் விழிப்பது வறட்சியைத் தரும், பகலில் தூங்குவது கபத்தைப் பெருக்கும் என்பது பொது விதி. ஆனால் அவ்விதிக்கு விலக்கானவர்களையும் சரகர் குறித்திருக்கிறார். முதியோர், குழந்தைகள், மெலிந்தோர் ஆகியோருடன், துயரத்தாலும் பயத்தாலும் கோபத்தாலும் களைத்தவர்களும் பகலில் தூங்கலாம். பிள்ளையை இழந்த தாய் மத்தியானத்தில் பாயில் சாய்ந்தால் அவளைச் 'சோம்பேறி' என்று சொல்லாதீர்கள். அது அவளுக்கு மருந்து.

யானைக் காவலுக்கு விழித்திருக்கும் கமக்காரருக்கும் ஒரு விதி உண்டு. இழந்த நித்திரையில் பாதி நேரத்தை, மறுநாள் காலையில், உண்பதற்கு முன் தூங்கித் தீர்க்கவேண்டும். நான்கு மணி நேரம் விழித்தவருக்கு இரண்டு மணி நேரம். காவலை முறைபோட்டுப் பகிர்ந்தால் இது எல்லோருக்கும் கூடிவரும்.

படுக்கும் முன் உள்ளங்காலிலும் தலையிலும் சிறிது நல்லெண்ணெய் தேய்ப்பது வாதத்துக்கு நல்லது. எண்ணெய் முழுக்குக்கு வசதியில்லாதவருக்கு ஒரு தேக்கரண்டி போதும். காய்ச்சல், சளி, செமியாமை உள்ள நாட்களில் எண்ணெய் வேண்டாம்.

அடக்கக் கூடாதவை

சலம், மலம், பசி, தாகம், நித்திரை, தும்மல், கொட்டாவி முதலாகப் பதின்மூன்று இயல்பான வேகங்களை அடக்கலாகாது என்று சரகர் வகுத்தார். அடக்கினால் வாதம் திசை மாறும் என்பது கருத்து. அடக்கவேண்டியவை என்று அவர் சொன்னவை வேறு: பேராசை, பொறாமை, கோபம் போன்றவை.

எமது பெண்களின் நிலையை இவ்விடத்தில் எண்ணிப் பார்ப்போம். கழிப்பிடம் தூரத்தில், கதவு இல்லை, வெளிச்சம் இல்லை. ஆகவே இருட்டும்வரை சலத்தை அடக்குகிறார்கள். அடக்கவேண்டி வரும் என்பதால் தாகத்தையும் அடக்கித் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். மலச்சிக்கலும் சல எரிவும் அடிவயிற்று நோவும் வருகின்றன. இதற்கு எந்தச் சூரணமும் தீர்வாகாது. கதவும் தாழ்ப்பாளும் விளக்கும் உள்ள கழிப்பிடமே மருந்து. ஒரு குடும்பத்தால் முடியாத இதைப் பத்துக் குடும்பம் சேர்ந்து கேட்கலாம், சேர்ந்து கட்டலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் கேளுங்கள்.

அந்தப் பதின்மூன்றில் இன்னொன்று கண்ணீர். அழுகையை அடக்கினால் தலைப்பாரமும் நெஞ்சுநோவும் வரும் என்று அந்நூல்கள் சொல்கின்றன. "பிள்ளைகளுக்கு முன்னாலை அழக்கூடாது" என்று பலர் ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்திருக்கிறார்கள். நம்பக்கூடிய ஒருவர் முன்னால் அழுவது பலவீனம் ஆகாது. துயரம் மாதக்கணக்கில் வேலை செய்யவிடாமல் அழுத்தினால், அல்லது சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால், வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

எல்லை எங்கே?

வரம்பு உடைந்த பின் மண்வெட்டி மண் போதாது. மேலே சொன்ன செமியாமையும் உளைவும் சிலவேளை நீரிழிவு, தைரொயிட் போன்ற நோய்களின் அடையாளமாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். பின்வருவனவற்றில் தாமதம் வேண்டாம்.

வயிற்றோட்டம்: உடனே ஜீவனி கரைத்துக் கொடுங்கள். அது இல்லையெனில், கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். குழந்தை சோர்ந்தாலோ, கண் குழிந்தாலோ, இரத்தம் போனாலோ வைத்தியசாலை.

காய்ச்சல்: மலேரியா அற்ற நாடாக இலங்கை 2016இல் அறிவிக்கப்பட்டது. இன்று பயப்படவேண்டியவை டெங்கும் எலிக்காய்ச்சலும். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் இரத்தம் சோதிக்கவேண்டும். பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை டெங்கில் ஆபத்தானவை. வயற்சேற்றில் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

பாம்புக்கடி: கடித்த இடத்தைக் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். அசையாமல் வைத்து நேரே வைத்தியசாலை. 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் வரும்.

இருமல்: இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை.

நீரிழிவு, இரத்த அழுத்தம்: பாகற்காயையும் கசாயத்தையும் நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். இடம் மாறும்போது கிளினிக் கொப்பியை அடையாள அட்டையுடன் சேர்த்து வைத்திருங்கள்.

நாட்டு மருந்து என்பதாலேயே அது தீங்கற்றது என்று எண்ணவேண்டாம். இரசமும் ஈயமும் கலந்த மருந்துகள் முறையாகச் செய்யப்படாதபோது நஞ்சாகும். ஈச்சுரமூலியில் உள்ள ஒரு பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இன்று நிச்சயமாகத் தெரிந்த விடயம். பதிவுபெற்ற வைத்தியரிடம் மட்டும் மருந்து வாங்குங்கள். அங்கே உண்பதை ஆங்கில வைத்தியரிடமும், இங்கே உண்பதைப் பரியாரியாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

முடிவாக

இழந்த வீட்டையும் வயலையும் ஆயுர்வேதம் திருப்பித் தராது. வாதம் மிகுந்துவிட்டது என்று பெயர் வைப்பதால் இடம்பெயர்த்தவர்களின் பொறுப்பும் நீங்கிவிடாது. ஆனாலும் நாளில் அசையாத சில நேரங்களை நாமே நாட்டிக்கொள்ளலாம். உண்ணும் நேரம் ஒன்று, படுக்கும் நேரம் ஒன்று. காற்றில் ஆடும் கொட்டிலுக்கு முதலில் நாட்டும் கப்புகள் போல அவை நிற்கும். மீதியைக் கால் பங்கு கால் பங்காகக் கட்டுவோம்.

குழுவாகக் கூடிப் பேசுவதற்கு:

1. எமது குடும்பத்தில் நாளுக்கு ஒரு வேளையாவது எல்லோரும் ஒரே நேரத்தில் சூடாக உண்ண என்ன தடை? அதை எப்படி நீக்கலாம்?

2. ஆறு சுவைகளில் எமது தட்டில் இல்லாதவை எவை? அவற்றை எங்கே நடலாம்?

3. எமது இடத்தில் பெண்கள் பயமின்றி இரவில் போகக்கூடிய கழிப்பிடம் உண்டா? இல்லையெனில் யாரிடம், எப்போது, யார் போய்க் கேட்பது?

4. எம்மிடையே நீண்ட நாளாக நித்திரையின்றி, அழாமல் இருப்பவர் யார்? இந்தக் கிழமை அவரைப் போய்ப் பார்ப்பது யார்?